இடிக்கும் முன் ஒரு சோதனை

சிங்கப்பூர் வேகமாக உயர்ந்துகொண்டிருந்த 1960களிலும் 70களிலும் ஆஸ்பெஸ்டாஸ் கட்டுமானக்காரர்களுக்குப் பிடித்த பொருள். தீப்பிடிக்காது, துருவேறாது, விலையும் குறைவு. கூரைத் தகடு, தடுப்புப் பலகை, கொதிநீர்க் குழாயின் உறை எனப் பல வடிவங்களில் கட்டடங்களுக்குள் புகுந்தது. அந்தக் கட்டடங்களை இடிக்கும்போது தகடும் பலகையும் செங்கல்லோடு செங்கல்லாக நொறுங்கின. முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு தொழிலாளர்கள் தூசியைக் கூட்டி அள்ளினார்கள். துண்டுக்கு அடங்காத நுண்ணிய நார்கள் அந்தத் தூசியில் இருந்தன. நுரையீரலில் தங்கிவிட்டால், இருபது, நாற்பது ஆண்டுகள் கழித்துக்கூட அவை மீசோதீலியோமா என்னும் புற்றுநோயாக வெளிப்படக்கூடும்.

கட்டுமானப் பொருள்களில் ஆஸ்பெஸ்டாஸைச் சிங்கப்பூர் 1989இல் தடை செய்தது. புதிய கட்டடங்கள் தப்பின. பழையவற்றில் இருந்தது அப்படியே இருந்தது. அதற்கு விடையாக வந்தவை 2014ஆம் ஆண்டின் விதிகள். 1991க்கு முன் கட்டப்பட்ட கட்டடத்தை இடிக்க வேண்டுமானால், தகுதி பெற்றவர் முதலில் ஆஸ்பெஸ்டாஸ் சோதனை நடத்தியாக வேண்டும்.

இன்று கடப்பாறைக்கு முன்னால் வரைபடத்தோடு ஒருவர் வருகிறார். அறை அறையாகப் பார்க்கிறார். பொய்க்கூரைக்கு மேலும் எட்டிப் பார்க்கிறார். சந்தேகப்படும் இடத்தை நனைத்து, சிறு துண்டு வெட்டி, பையில் மூடி எண்ணிடுகிறார். வெட்டிய இடத்தையும் அடைத்துவிடுகிறார். ஆய்வகத்தில் நுண்ணோக்கி உண்மையைச் சொல்கிறது. ஆஸ்பெஸ்டாஸ் இருந்தால், அனுமதி பெற்ற ஒப்பந்தக்காரர் அதை அகற்றிய பிறகே இடிப்பு.

இந்தச் சோதனையால் ஆபத்திலிருந்து தப்புபவர்களில் நம் ஊர்க்காரர்களும் உண்டு. சிங்கப்பூரின் கட்டுமான வேலைகளில் தமிழகத் தொழிலாளர்கள் ஏராளம். அங்கே முகக்கவசம் போட்டு வேலை செய்பவர் விடுமுறையில் ஊருக்கு வந்தால், ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை வெறுங்கையால் உடைத்துப் போடுவதைப் பார்க்கிறார். இந்தியாவில் அந்த ஷீட் இன்னும் விற்பனையில் இருக்கிறது.

இங்கேயும் அப்படியொரு விதி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பழைய கூரையைப் பிரிப்பவர்கள் ஷீட்டை உடைக்காதீர்கள், அறுக்காதீர்கள். நன்றாக நனைத்து, ஆணியைக் கழற்றி, முழுசாக இறக்குங்கள். விழுந்த தூளை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.