அடையாளமும் ஒரு சாவியே

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளை நாடி வரும் இளைஞர்கள், வாடகை அறைக்கும் வேலைக்கும் ஆதார் நகலைக் கொடுக்க நேர்கிறது. அந்நகல் தீயோர் கையில் சிக்கினால், அவர்கள் பெயரிலேயே பிறர் கைப்பேசி இணைப்போ கடனோ பெற முயலக்கூடும். பழி உரியவரைச் சேரும். 2008-இல் திருத்தப்பட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-சி பிரிவு இக்குற்றத்துக்கு 3 ஆண்டு வரை சிறை விதிக்கிறது. எனினும் வருமுன் காப்பதே அறிவுடைமை.

நான் வேண்டுவன சிலவே. முழு எண் தேவைப்படாத இடங்களில், 12 இலக்கங்களுள் இறுதி 4 மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைக் கொடுங்கள். நகலின் குறுக்கே நாளும் நோக்கமும் எழுதிக் கையொப்பமிடுங்கள். பலர் தங்கும் அறையில் தாள்களைப் பெட்டியில் பூட்டி வையுங்கள். வேண்டாத நகல்களைத் துண்டுதுண்டாகக் கிழித்துவிடுங்கள். உங்கள் பெயரிலுள்ள இணைப்புகளைச் சஞ்சார் சாத்தி தளத்தில் சரிபாருங்கள். பணம் பறிபோனால் தாமதியாது 1930 எண்ணை அழையுங்கள்.

வீட்டுச் சாவியைக் கண்டவரிடம் கொடுப்போமா? அடையாளமும் அத்தகையதே.