தாம்பூலப் பை துணிதானா? கேட்டு வாங்குங்கள்

முகூர்த்த நாளில் நாகப்பட்டினத்து மண்டபங்களில் சாப்பிட்டு இறங்குவோர் கையில் தாம்பூலப் பை தொங்கும். பெண், மாப்பிள்ளை பெயர் அச்சிட்டிருக்கும். உள்ளே தேங்காய், வெற்றிலை பாக்கு. துணிப் பை என்று நம்பித்தான் பலரும் வாங்குகிறார்கள். ஆனால் கடைகளில் ‘நான் ஓவன்’ என்று விற்கும் பை, பாலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக் இழைகளைச் சூட்டில் ஒட்டிச் செய்தது. வெயிலில் கிடந்தால் இழையிழையாக உதிரும், மக்காது.

நாம் காவிரியின் கடைமடையில் இருக்கிறோம். மேலே எந்த ஊர் வாய்க்காலில் விழுந்த குப்பையும் வெட்டாறு, கடுவையாறு வழியே நம் கடலுக்குத்தான் வரும். பங்குனி ஆமை முட்டையிட ஏறும் கரை இது.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த தடைப் பட்டியலில் நான் ஓவன் பையும் இடம்பெற்றது. ஒன்றிய அரசின் விதிப்படி, 60 ஜிஎஸ்எம்முக்கு, அதாவது சதுர மீட்டருக்கு 60 கிராமுக்குக் குறைவான நான் ஓவன் பைகளுக்கு 2021 செப்டம்பர் 30 முதல் நாடு முழுதும் தடை. இனிப்புப் பெட்டியையும் அழைப்பிதழையும் சுற்றும் பிளாஸ்டிக் தாள், அலங்காரத் தெர்மோகோல் ஆகியவற்றுக்கு 2022 ஜூலை 1 முதல் தடை.

எப்படிக் கண்டுபிடிப்பது?

பையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். துணியில் ஊடும் பாவுமாக நூல் தெரியும். நான் ஓவன் பையில் சின்னச் சின்னப் புள்ளி அச்சுதான் தெரியும். ஓரத்தில் ஒரு துணுக்கை வெட்டிக் கவனமாகக் கொளுத்துங்கள். பருத்தி சாம்பலாகும், பிளாஸ்டிக் உருகி உருண்டையாகும்.

ஏமாந்தால் என்ன செய்வது?

‘துணி’ என்று சொல்லிப் பிளாஸ்டிக்கை விற்றால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 உங்கள் பக்கம் நிற்கிறது. பில் தர மறுப்பது நேர்மையற்ற வணிகம். குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் அப்படியே. வாங்கியவர் சம்மதத்தோடு பொருளைப் பயன்படுத்துபவரும் நுகர்வோரே என்பதால், பரிசு பெற்றவருக்கும் இந்த உரிமை உண்டு.

‘சுற்றுச்சூழலுக்கு உகந்தது’ என்று அச்சிட்டால் மட்டும் போதாது. அதற்கு ஆதாரம் காட்ட வேண்டும் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. பொய் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கவும் அதற்கு அதிகாரம் உண்டு.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். தீரவில்லையென்றால், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. தடை செய்த பை விற்பது பற்றி நகராட்சியிடமோ மாசு கட்டுப்பாட்டு வாரியத்திடமோ புகார் சொல்லலாம். பில்லையும் ஒரு பையையும் பத்திரமாக வையுங்கள்.

கைக்கு அடக்கமான பரிசுகள்

துணிப் பை விலை கொஞ்சம் கூடத்தான் செய்யும். உள்ளே போடும் பிளாஸ்டிக் டப்பாவை விட்டுவிட்டால் அது சரிக்கட்டும். 2021 டிசம்பர் 23 அன்று ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தமிழக அரசு தொடங்கியது. நம் வீடுகளில் அந்த மஞ்சள் பைதான் ஒருகாலத்தில் தாம்பூலப் பை. பெயரைச் சின்னதாக அச்சிட்டால், வந்தவர்கள் அதையே மீன் கடைக்கும் சந்தைக்கும் எடுத்துப் போவார்கள். கொள்ளிடம் அருகே தைக்காலில் கோரைப்பாயும் பிரம்புப் பொருளும் கிடைக்கும். கிரகப்பிரவேசத்துக்கு ஒரு தென்னங்கன்று கொடுக்கலாம். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் சாய்த்த தென்னைகளை வேதாரண்யம் பக்கத்து வீடுகள் மறக்கவில்லை.

உழவர் வீட்டு விசேஷம் என்றால் மாப்பிள்ளைச் சம்பா விதைநெல் கொடுங்கள். திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவில் 2 கிலோ விதை வாங்கிப் போன உழவர், மறு வருடம் 4 கிலோவாகத் திருப்பித் தருவார். மொய் எழுதிப் பழகிய நமக்கு அந்தக் கணக்கு புதிதில்லை. நாம் கொடுப்பது கடைமடையில் குப்பையாக ஒதுங்க வேண்டாம். இன்னொரு வயலில் முளைக்கட்டும்.