காய்கறி சேர்த்த மீன் குழம்பு

காய்கறி சேர்த்த மீன் குழம்பு என்பது மீனையும் காய்கறிகளையும் ஒரே சட்டியில் வேகவைத்துச் செய்யப்படும் புளிப்புக் குழம்பு ஆகும். மீன் குழம்பில் கத்தரிக்காய், முருங்கைக்காய், மாங்காய் ஆகியவற்றுள் ஒன்றையோ பலவற்றையோ இடும் வழக்கம் தமிழ்நாட்டின் பல பகுதிகளில் உள்ளது. கடற்கரை இல்லாத கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இது பெரும்பாலும் அணை, ஏரி ஆகியவற்றின் நன்னீர் மீன்களைக் கொண்டு சமைக்கப்படுகிறது. குழம்பு, காய், மீன் ஆகிய மூன்றும் ஒரே அடுப்பில், ஒரே பாத்திரத்தில் முடிந்துவிடுவதால் தனித்துச் சமைப்போருக்கு இது ஏற்ற உணவாகும். மீனும் காய்கறியும் வேகும் நேரம் வெவ்வேறானது. எனவே அவற்றைச் சட்டியில் இடும் வரிசையே இச்சமையலின் முதன்மையான நுட்பம் ஆகும்.

பின்னணி

கிருஷ்ணகிரி மாவட்டம் 2004 ஆம் ஆண்டு தர்மபுரி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. கர்நாடக எல்லையை ஒட்டிய ஓசூர், பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. இங்கு 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்ததைத் தொடர்ந்து வாகனம், கைக்கடிகாரம், இயந்திர உறுப்புகள் முதலியவற்றை உற்பத்தி செய்யும் ஆலைகள் பெருகின. தமிழ்நாட்டின் பிற மாவட்டங்களிலிருந்தும் வட, கிழக்கு மாநிலங்களிலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள் ஓசூரிலும் சுற்றுப்புறங்களிலும் வாடகை அறைகளில் தங்கியுள்ளனர். இத்தகைய அறைகளில் ஒற்றை எரிவாயு அடுப்போ மின்தூண்டல் அடுப்போ மட்டும் இருப்பதும், குளிர்பதனப் பெட்டி இல்லாதிருப்பதும் பரவலாகக் காணப்படும் நிலையாகும். முறை மாற்றி வேலை செய்வோருக்குச் சமையலுக்குக் கிடைக்கும் நேரமும் குறைவு.

மீன்கள்

இப்பகுதியின் முதன்மையான ஆறு தென்பெண்ணை. கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றி ஓசூருக்கு அருகே தமிழ்நாட்டிற்குள் நுழையும் இவ்வாற்றில் கெலவரப்பள்ளி அணையும், அதற்குக் கீழே கிருஷ்ணகிரி அணையும் (கே. ஆர். பி. அணை) உள்ளன. கிருஷ்ணகிரி அணை 1950களின் இறுதியில் கட்டி முடிக்கப்பட்டது. அணையை ஒட்டிய மீன் வறுவல் கடைகள் சுற்றுலாப் பயணிகளிடையே பெயர் பெற்றவை.

சந்தையில் பொதுவாகக் கிடைக்கும் நன்னீர் மீன்கள் பின்வருமாறு:

- கட்லா, ரோகு, மிர்கால்: வளர்ப்புக் கெண்டை வகைகள். சுவையானவை. ஆனால் தசைக்குள் கவை வடிவில் நுண்ணிய முட்கள் உண்டு. குழந்தைகளுக்குக் கொடுக்கும்போது கவனம் தேவை.
- ஜிலேபி மீன்: ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்டது. 1952 ஆம் ஆண்டு இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்டது. தசைக்குள் நுண்முட்கள் இல்லாததால் புதிதாக மீன் உண்போருக்கு எளிது.
- விரால்: இறுக்கமான தசை கொண்டது. குழம்பில் எளிதில் உடைவதில்லை. விலை கூடுதல்.

நன்னீர் மீன்களில் சில வேளைகளில் மண்வாடை வீசும். நீலப்பச்சைப் பாசிகளும் சில வகை நுண்ணுயிர்களும் உண்டாக்கும் ஜியோசுமின் என்னும் வேதிப்பொருள் இதற்குக் காரணம். அமிலத்தில் இது சிதைவதால், நறுக்கிய துண்டுகளை உப்பு, மஞ்சள்தூள், சிறிது புளிக்கரைசல் ஆகியவற்றில் 15 நிமிடம் ஊறவைத்துக் கழுவினால் வாடை குறையும்.

காய்கறிகள்

ஓசூர் வட்டாரம் காய்கறிச் சாகுபடிக்குப் பெயர் பெற்றது. இராயக்கோட்டையில் பெரிய தக்காளிச் சந்தை உள்ளது. மாவட்டம் முழுவதும் மாமரத் தோப்புகள் உள்ளதால், கோடையில் புளிக்கு மாற்றாகப் பச்சை மாங்காய் எளிதில் கிடைக்கிறது. இக்குழம்பிற்கு முருங்கைக்காய், முள்ளங்கி, கத்தரிக்காய், மாங்காய் ஆகியவை பொருத்தமானவை. முட்டைக்கோசு, காலிபிளவர் போன்றவை நெடுநேரம் கொதிக்கும்போது கந்தக வாடையை வெளியிடுவதால் பொதுவாகத் தவிர்க்கப்படுகின்றன.

பாத்திரம்

மண்சட்டி புளியுடன் வினைபுரிவதில்லை. வெப்பத்தை மெதுவாக ஏற்று நெடுநேரம் தக்கவைத்துக்கொள்ளும். எனினும் மண்சட்டியும் அலுமினியப் பாத்திரமும் மின்தூண்டல் அடுப்பில் சூடாவதில்லை. அவ்வடுப்பிற்குக் காந்தம் ஒட்டும் அடிப்பகுதி கொண்ட எவர்சில்வர் பாத்திரம் தேவை. புளிச் சமையலுக்கு அலுமினியம் ஏற்றதன்று. துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கப்படாமல் பரவலாக இருக்க, அகன்ற வாயுடைய பாத்திரம் சிறந்தது.

தேவையான பொருட்கள் (மூவருக்கு)

- மீன் துண்டுகள் (2 செ.மீ. தடிமன்) – 500 கிராம்
- முருங்கைக்காய் – 1
- கத்தரிக்காய் – 4
- பச்சை மாங்காய் – பாதி (கிடைத்தால்)
- தக்காளி – 2
- புளி – சிறிய எலுமிச்சை அளவு (மாங்காய் சேர்த்தால் அதில் பாதி)
- சின்ன வெங்காயம் – 100 கிராம்
- பூண்டு – 8 பல்
- மிளகாய்த்தூள் – 2 தேக்கரண்டி
- மல்லித்தூள் – 3 தேக்கரண்டி
- மஞ்சள்தூள் – அரைத் தேக்கரண்டி
- கடுகு, வெந்தயம் – தலா அரைத் தேக்கரண்டி
- நல்லெண்ணெய் – 3 மேசைக்கரண்டி
- கறிவேப்பிலை, உப்பு – தேவையான அளவு

செய்முறை

1. எண்ணெய் காய்ந்ததும் கடுகு, வெந்தயம் இட்டுத் தாளிக்க வேண்டும். வெந்தயம் கருகினால் குழம்பு கசக்கும். உடனே வெங்காயம், பூண்டு, கறிவேப்பிலை சேர்த்து வதக்க வேண்டும்.
2. தீயைக் குறைத்துத் தூள்களைச் சேர்த்துக் கிளறி, 3 குவளை நீரும் உப்பும் சேர்க்க வேண்டும்.
3. முருங்கைக்காயை இட்டு மூடி, 10 நிமிடம் வேகவிட வேண்டும். முள்ளங்கி சேர்ப்பதாயின் இப்போதே சேர்க்கலாம்.
4. கத்தரிக்காயை இட்டு மேலும் 5 நிமிடம் வேகவிட வேண்டும்.
5. காய் முக்கால் பங்கு வெந்ததும் நறுக்கிய தக்காளியையும் புளிக்கரைசலையும் ஊற்றி, பச்சை வாடை போகும் வரை 7 நிமிடம் கொதிக்கவிட வேண்டும். மாங்காய்த் துண்டுகளை இக்கொதியின் இறுதியில் சேர்க்கலாம்.
6. தீயைத் தணித்து, மீன் துண்டுகளை ஒவ்வொன்றாகக் குழம்பில் அமிழ்த்த வேண்டும். குழம்பு தளதளவெனக் கொதிக்காமல், ஓரங்களில் மட்டும் குமிழி எழும் நிலையில் 6 முதல் 8 நிமிடம் வைக்க வேண்டும். கரண்டியால் கிளறாமல், பாத்திரத்தின் இரு பக்கமும் பிடித்து மெல்லச் சுழற்றிவிட வேண்டும்.
7. அடுப்பை அணைத்து 15 நிமிடம் மூடிவைத்த பின் பரிமாறலாம். இந்நேரத்தில் உப்பும் புளிப்பும் மீனுக்குள் இறங்கும்.

துண்டின் தடித்த பகுதியை அழுத்தினால் தசை மடல் மடலாகப் பிரிவதும், கண்ணாடி போன்ற தோற்றம் மறைந்து வெண்மையாவதும் மீன் வெந்ததற்கான அறிகுறிகள்.

வரிசைக்கான காரணம்

காய்கறிகளின் உயிரணுக்களைப் பிணைத்து வைத்திருப்பது பெக்டின் என்னும் பொருள். இது ஏறத்தாழ 85 பாகை செல்சியசுக்கு மேல்தான் போதிய வேகத்தில் கரைந்து காயை மென்மையாக்குகிறது. மீனின் தசைப் புரதங்களோ ஏறத்தாழ 40 பாகையிலேயே மாறத் தொடங்கி, 60 பாகையை ஒட்டி இறுகிவிடுகின்றன. மீன் தசையில் இணைப்புத் திசு குறைவு. அதுவும் குறைந்த வெப்பத்திலேயே கூழாகிவிடும். ஆகவே காய் வேகும் வரை மீனையும் கொதிக்கவிட்டால் அது நீரை இழந்து சக்கையாகி, இறுதியில் உதிர்ந்துவிடும்.

இரண்டாவது காரணி புளிப்பு ஆகும். அமிலச் சூழலில் பெக்டின் எளிதில் கரைவதில்லை. புளியைத் தொடக்கத்திலேயே ஊற்றினால் முருங்கைக்காயும் முள்ளங்கியும் நெடுநேரம் கொதித்தும் வேகாதது போலிருப்பது இதனாலேயே. முதலில் காய், அடுத்துப் புளி, இறுதியில் மீன் என்னும் வரிசை இவ்விரு காரணங்களாலும் அமைந்தது.

உயரத்திற்கும் இதில் சிறு பங்கு உண்டு. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ள ஓசூரில் நீர் 97 பாகை செல்சியசு அளவில் கொதிக்கிறது. எனவே திறந்த பாத்திரத்தில் காய் வேகக் கடற்கரை ஊர்களைவிடச் சில நிமிடங்கள் கூடுதலாகும். மீன் வேகும் வெப்பநிலை இதைவிட மிகக் குறைவு என்பதால் மீனுக்கான நேரத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பாத்திரத்தை மூடிவைத்தால் எரிபொருள் மிச்சமாகும்.

ஒத்த உணவுகள்

ஓசூர் தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மூன்று மொழிகளும் வழங்கும் ஊர். தெலுங்கில் சேப்பல புலுசு, கன்னடத்தில் மீனு சாரு எனப்படும் குழம்புகள் இதனுடன் நெருங்கிய உறவுடையவை. கிழக்கிந்தியத் தொழிலாளர்கள் அறிந்த வங்காள மாச்சேர் ஜோல் என்னும் குழம்பில் உருளைக்கிழங்கு, கத்தரிக்காய் முதலியன இடப்படுகின்றன. அதில் மீனை முதலில் கடுகெண்ணெயில் பொரித்து எடுத்துவைத்து, காய் வெந்த பின் மீண்டும் குழம்பில் சேர்ப்பர். மீனும் காயும் வேகும் நேர வேறுபாட்டிற்கு இது மற்றொரு தீர்வாகும். பொரித்த மேற்பரப்பு இறுகிவிடுவதால் துண்டுகள் உடைவதும் குறையும்.

கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களில் மீன் குழம்பு சோற்றுடன் மட்டுமன்றிக் கேழ்வரகுக் களியுடனும் உண்ணப்படுகிறது.

பாதுகாப்பு

மீனின் செவுள் சிவந்தும், கண் தெளிந்தும், தசை அழுத்தினால் மீண்டெழுவதாகவும் இருக்க வேண்டும். கடலிலிருந்து நெடுந்தொலைவு கொண்டுவரப்படும் மத்தி, கானாங்கெளுத்தி, சூரை ஆகியவை பனிக்கட்டியில் முறையாக வைக்கப்படாவிட்டால் அவற்றில் இசுட்டமின் உருவாகும். இது சமைத்தாலும் அழியாது. உண்டவருக்கு முகச் சிவப்பு, அரிப்பு, தலைவலி முதலியவை ஏற்படலாம்.

பெங்களூரு நகரின் கழிவுநீர் தென்பெண்ணையில் கலப்பதால் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குவது 2010கள் முதல் பலமுறை செய்தியாகியுள்ளது. சமைப்பதால் நுண்ணுயிர்கள் அழியும். ஈயம், காட்மியம் போன்ற கன உலோகங்கள் நீங்கா. அவை தசையைவிடச் செவுள், ஈரல், சிறுநீரகம் ஆகியவற்றில் மிகுதியாகச் சேரும் இயல்புடையவை என்பதால் குடலையும் செவுளையும் முழுமையாக நீக்குவது நல்லது. நுரை காணப்படும் நீர்நிலைகளில் பிடித்த மீனைத் தவிர்த்து, பண்ணைக் குளங்களில் வளர்த்த மீனை வாங்கலாம்.

மறுநாள் மீன் குழம்பு சுவை மிக்கது என்பது பரவலான கருத்து. புளிப்பு நுண்ணுயிர் வளர்ச்சியைத் தாமதப்படுத்துமேயன்றி முற்றிலும் தடுக்காது. அறை வெப்பத்தில் நெடுநேரம் இருந்த குழம்பில் சில நுண்ணுயிர்கள் உண்டாக்கும் நஞ்சு, மறுபடி கொதிக்கவைத்தாலும் அழிவதில்லை. குளிர்பதனப் பெட்டி இல்லாத இடங்களில் ஒரு வேளைக்குத் தேவையான மீனை மட்டும் வாங்கிச் சமைத்து, அவ்வேளையிலேயே உண்டு முடிப்பது பாதுகாப்பானது.