விற்ற பொருளைத் திரும்பப் பிடுங்கலாமா?

வீடியோ கேம் என்றால் பிள்ளைகள் சமாச்சாரம், நமக்கென்ன என்று நம் வணிகப் பெருமக்களில் பலர் இருந்துவிடுகிறோம். ஆனால் சேலம் டவுனிலும், நாமக்கல், திருச்செங்கோட்டிலும் கம்ப்யூட்டர், செல்போன் கடை வைத்திருப்போர் இந்தச் சரக்கையும் விற்கிறார்கள். கம்பெனி எங்கோ இருக்கிறது; வாடிக்கையாளர் கையில் இருப்பது நம் கடை பில்.

செவ்வாய்பேட்டையில் ஒரு மூட்டை துவரம்பருப்பை விற்றுப் பணத்தையும் எண்ணி வாங்கிய மண்டிக்காரர், பத்து வருடம் கழித்து வாங்கியவர் வீட்டுக்குப் போய் மீதிப் பருப்பைத் தூக்கி வர முடியுமா? கேம் கம்பெனிகள் ஏறக்குறைய அதைத்தான் செய்கின்றன. பிரான்சு நாட்டு யூபிசாஃப்ட் நிறுவனம் 2014இல் 'தி க்ரூ' என்ற கார் பந்தய விளையாட்டை வெளியிட்டது. 2024 மார்ச் 31 அன்று அதன் சர்வரை நிறுத்தியது. தனி ஆளாக ஆடுவதற்கும் சர்வர் வேண்டும் என்று அமைத்திருந்ததால், காசு கொடுத்து வாங்கிய டிஸ்க் அன்றோடு வெறும் தட்டாகிவிட்டது.

இதை எதிர்த்து ராஸ் ஸ்காட் என்ற அமெரிக்கர் அதே ஆண்டு 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' என்ற இயக்கத்தைத் தொடங்கினார். ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டம் கேட்டு அவர்கள் திரட்டிய கையெழுத்து 2025 ஜூலையில் 10 லட்சத்தைத் தாண்டியது. சர்வரை ஆயுசுக்கும் நடத்துங்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. நிறுத்தும்போது, வாங்கியவர் தொடர்ந்து ஆடும் நிலையில் விட்டுச் செல்லுங்கள் என்பதே கோரிக்கை. செலவு தாங்காது என்கின்றன கம்பெனிகள். பழைய கேம்களுக்கு அது உண்மையாகவும் இருக்கலாம். புதிதாகத் தயாரிப்பதற்கு அந்தச் சாக்கு எடுபடாது.

கலிபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் ஒரு சட்டம். விற்பது உரிமம் மட்டுமே என்றால் அதைத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்குங்கள்' என்று விளம்பரம் செய்யக் கூடாது.

நம் நாட்டில் 2022இல் தமிழக அரசும் 2025இல் நாடாளுமன்றமும் ஆன்லைன் கேம் பற்றிச் சட்டம் செய்தன. அவற்றின் கவலை பணம் வைத்து ஆடும் சூதாட்டம் பற்றியது; அது தேவைதான். வாங்கிய கேம் யாருக்குச் சொந்தம் என்பதற்கு அவற்றில் விடை இல்லை. வேடிக்கை என்னவென்றால், 2004இல் டாட்டா கன்சல்டன்சி வழக்கில், டிஸ்க்கில் பதிந்து விற்கும் மென்பொருள் 'சரக்கு'தான், விற்பனை வரி உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வரி கட்டும்போது சரக்கு, வாங்கியவர் கேட்டால் உரிமமா?

நுகர்வோர் சட்டம் என்றாலே நமக்கு வயிற்றைக் கலக்கும். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி வாங்கியவர் தன் சொந்த ஊரிலேயே புகார் கொடுக்கலாம். வெளிநாட்டுக் கம்பெனியைத் தேடுவதைவிட நம் கடையைத் தேடுவது சுலபம். அதே சட்டம், நியாயமான காரணமின்றி ஒருதலையாக முறித்துக்கொள்ள இடம் தரும் ஒப்பந்தத்தை 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்கிறது. இதில் வாங்குவோரும் நாமும் ஒரே பக்கம். கேம் சர்வரை நிறுத்துவதும் இதில் அடங்கும் என்று தெளிவாக விதி செய்யும்படி நம் எம்.பி.க்களிடம் மனு கொடுக்க வேண்டும்.

அதுவரை, இப்படிப்பட்ட கேம் விற்கும்போது 'கம்பெனி சர்வர் இயங்கும் வரை மட்டுமே ஆட முடியும்' என்று பில்லில் ஒரு வரி எழுதி, வாங்குபவரிடம் வாயாலும் சொல்லிவிடுங்கள்.