தானியங்கி எண்ணேற்றம் (தரவுத்தளம்)

தானியங்கி எண்ணேற்றம் என்பது உறவுசார் தரவுத்தளங்களில், அட்டவணையில் சேரும் ஒவ்வொரு புதிய பதிவுக்கும் அடுத்த எண்ணைத் தரவுத்தள மென்பொருளே வழங்கும் வசதி ஆகும். இவ்வெண் பெரும்பாலும் முதன்மைச் சாவியாகப் பயன்படுகிறது. பலர் ஒரே நேரத்தில் பதிவுகளைச் சேர்த்தாலும் இருவருக்கு ஒரே எண் கிடைக்காதவாறு இவ்வசதி காக்கிறது. ஆயினும் எண்கள் இடைவெளியின்றித் தொடரும் என்பதற்கோ, நீக்கப்பட்ட பதிவின் எண் மீண்டும் வராது என்பதற்கோ பொதுவான உறுதி இல்லை.

எண் இடைவெளிகள்

எண்ணைப் பெற்ற பரிமாற்றம் இடையில் கைவிடப்பட்டால், அவ்வெண் பொதுவாகத் திரும்பப் பெறப்படுவதில்லை. 41 என்ற எண்ணைப் பெற்ற பரிமாற்றம் முடியுமுன் வேறொரு பயனர் 42 ஐப் பெற்றிருக்கலாம். இடைவெளியைத் தவிர்க்க வேண்டுமெனில், முதற் பரிமாற்றம் முடியும்வரை ஏனையோர் காத்திருக்க நேரும். மைக்ரோசாப்ட் எஸ்கியூஎல் சர்வர், 2012 பதிப்பு முதல், எண்களை முன்கூட்டியே நினைவகத்தில் ஒதுக்குகிறது. இதனால் வழங்கி எதிர்பாராது நின்றால், 32 இரும முழுஎண் நிரலில் ஏறத்தாழ 1,000 எண்கள் விடுபடலாம். எனவே தொடர்ச்சி கட்டாயமான பற்றுச்சீட்டு எண்களுக்கு இவ்வசதி ஏற்றதன்று.

எண் மீள்பயன்பாடு

மைஎஸ்கியூஎல் மென்பொருளின் இன்னோடிபி சேமிப்புப் பொறி, 8.0 பதிப்புக்கு முன்பு, அடுத்த எண்ணை நினைவகத்தில் மட்டுமே வைத்திருந்தது. வழங்கி மீண்டும் தொடங்கும்போது, அட்டவணையில் எஞ்சிய மிகப்பெரிய எண்ணுடன் ஒன்றைக் கூட்டிக் கணக்கிட்டது. கடைசிப் பதிவான 100 நீக்கப்பட்டு வழங்கி மீளத் தொடங்கினால், அடுத்த பதிவுக்கும் 100 என்ற எண்ணே கிடைக்கும். பழைய 100 ஐச் சுட்டும் காப்பகக் குறிப்புகள், பிழைச்செய்தி ஏதுமின்றி, வேறொருவரின் பதிவைச் சுட்டத் தொடங்கும். 2003 இல் பிழையாக அறிவிக்கப்பட்ட இது, 2018 இல் வெளியான 8.0 பதிப்பில் சரிசெய்யப்பட்டது.

நேரடியாக எண் இடுதல்

போஸ்ட்கிரேஎஸ்கியூஎல் மென்பொருளில் எண்கள் தனியான தொடர் ஒன்றிலிருந்து பெறப்படுகின்றன. வேறு தரவுத்தளத்திலிருந்து 1 முதல் 500 வரை எண்ணிட்ட பதிவுகளை நேரடியாகச் சேர்த்தால், தொடர் நகராது. அடுத்த பதிவுக்கு மீண்டும் 1 வழங்கப்பட்டு, சாவி இரட்டிப்புப் பிழை தோன்றும். தொடரின் மதிப்பை அட்டவணையின் மிகப்பெரிய எண்ணுக்கு உயர்த்துவதே இதற்குத் தீர்வாகும்.

உச்ச வரம்பு

குறியுடைய 32 இரும முழுஎண்ணின் உச்ச மதிப்பு 2,147,483,647 ஆகும். தோல்வியுற்ற சேர்ப்புகளும் எண்களைச் செலவழிப்பதால், பதிவுகள் குறைவாக உள்ள அட்டவணையும் இவ்வரம்பை எட்டக்கூடும். அதன்பின் புதிய பதிவுகளைச் சேர்க்க இயலாது. ஆகவே வேகமாக வளரும் அட்டவணைகளுக்கு 64 இரும முழுஎண் பரிந்துரைக்கப்படுகிறது.