முயல் இல்லாத காட்டின் கதைகள்

டிசம்பர் பிறந்துவிட்டால் ஆக்லாந்தின் கடலோரங்களில் பொஹுட்டுக்காவா மரங்கள் சிவக்கத் தொடங்கும். அந்தப் பூவை முதன்முதலில் கையில் எடுத்துப் பார்க்கும் தமிழருக்கு, எங்கோ பார்த்த பூ போலத்தான் இருக்கும். கொய்யாப் பூவிலும் நாவல் பூவிலும் இருக்கிற அதே மகரந்தத் தாள்களின் கொத்து, இதழ்கள் பேருக்குத்தான். மூன்றும் ஒரே தாவரக் குடும்பம். இங்கே மட்டும் அந்த இழைகள் வெள்ளையாக இல்லாமல் குங்குமச் சிவப்பு. உதிரும் நாட்களில் மரத்தடி முழுக்கச் சிவப்பு நூலை நறுக்கிக் கொட்டியதுபோல் கிடக்கும். ஒரு பூவை எடுத்துக் கவிழ்த்துப் பிடித்தால், விரலளவு குழந்தைக்குத் தைத்த பாவாடை.

அந்தப் பாவாடையை உண்மையிலேயே குழந்தைப் பாத்திரங்களுக்குப் போட்டுவிட்டவர் ஏவிஸ் ஏக்கர்ஸ். 1910இல் பிறந்து 1994இல் மறைந்த நியூசிலாந்து ஓவியர், எழுத்தாளர். பொஹுட்டுக்காவா என்ற பெயரின் பின்பாதியை இரண்டாக உடைத்து, ஹுட்டு, காவா என்று இரண்டு குட்டிப் பாத்திரங்களை உருவாக்கினார். பூவே உடை, பூவே தொப்பி. 1950களில் ஆக்லாந்தின் நாளிதழான நியூசிலாந்து ஹெரால்டில் படத்தொடராக வந்த இவர்கள், 1955, 1956, 1957 என மூன்று ஆண்டுகளில் மூன்று புத்தகங்களாகவும் வந்தார்கள். முதல் புத்தகத்தில் ஓடம் செய்து ஆற்றில் புறப்படுகிறார்கள். இரண்டாவதில் டுவாட்டரா என்ற ஊர்வனப் பிராணியைச் சந்திக்கிறார்கள். மூன்றாவதில் ஒரு தீவைக் கண்டுபிடிக்கிறார்கள்.

கேட்கும்போது சாதாரணக் குழந்தைக் கதையாகத் தோன்றும். ஆனால் அந்த நாட்டில், அந்தக் காலத்தில், அது ஒரு பெரிய இடைவெளியை நிரப்பியது. அதைப் புரிந்துகொள்ள, இந்தக் கதைகளில் எந்தெந்த விலங்குகள் இல்லை என்று பார்க்க வேண்டும்.

இங்கிலாந்தின் காட்டு விலங்குக் கதைகள் உலகம் முழுக்கப் பரவியவை. பியாட்ரிக்ஸ் பாட்டரின் பீட்டர் முயல் 1902இல் கடைக்கு வந்தது. 1905இல் முள்ளெலி ஒன்றைத் துணி வெளுக்கும் அம்மாவாக்கி இன்னொரு கதை எழுதினார். 1908இல் கென்னத் கிரஹாமின் புகழ்பெற்ற ஆற்றங்கரைக் கதை வந்தது. அதில் நீரெலியும் அகழெலியும் நண்பர்கள். கீரி போல நீண்ட உடல் கொண்ட ஸ்டோட்டும் வீசலும் தேரைக் கனவானின் மாளிகையைப் பிடித்துக்கொள்ளும் வில்லன்கள். அமெரிக்காவில் தார்ன்டன் பர்ஜெஸ் 1910 முதல் காட்டு விலங்குக் கதைகளை ஆயிரக்கணக்கில் எழுதிக் குவித்தார். ஆங்கிலம் படிக்கும் குழந்தைக்குக் காடு என்றாலே முயல், முள்ளெலி, நரி, அணில் என்று ஆகிவிட்டது.

நியூசிலாந்தின் காட்டுக்கு இவற்றில் ஒன்றுகூடச் சொந்தமில்லை. நிலத்தில் வாழும் பாலூட்டி என்று அந்த மண்ணுக்கே சொந்தமானது வௌவால் மட்டுமே. மற்றபடி அது பறவைகளின் காடு. எலியும் முயலும் செய்யும் வேலையைப் பறவைகளும் பூச்சிகளும் செய்துகொண்டிருந்த காடு. 2021இல் 'ஆண்டின் சிறந்த பறவை' வாக்கெடுப்பில் நீள்வால் வௌவாலையும் போட்டியில் சேர்த்தபோது, மக்கள் அதையே வெற்றிபெற வைத்தார்கள்.

முயல் 19ஆம் நூற்றாண்டில் கப்பலில் வந்தது, வேட்டைக்கும் உணவுக்கும். புல்வெளிகளை மொட்டையடித்தது. முயலை ஒழிக்க 1880களில் ஸ்டோட்டையும் வீசலையும் கொண்டுவந்து விட்டார்கள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். வந்தவை முயலோடு நிற்கவில்லை. பறக்கத் தெரியாத பறவைகளைத் துரத்திப் பிடிப்பது அதைவிட எளிது என்று கண்டுகொண்டன. பாதுகாப்பு இல்லாத காடுகளில் பிறக்கும் கிவிக் குஞ்சுகளில் நூற்றுக்குச் சுமார் 95 வளர்ந்து பெரிதாவதில்லை. துணி வெளுக்கும் அம்மாவாக நாம் ரசித்த முள்ளெலியும் குடியேறிகளோடு வந்ததுதான். ஒரேயொரு முள்ளெலியின் வயிற்றைத் திறந்து பார்த்தபோது வேட்டா என்னும் உள்நாட்டுப் பூச்சியின் கால்கள் 283 இருந்ததாக இயற்கைப் பாதுகாப்புத் துறை பதிவு செய்திருக்கிறது. இரவில் நிதானமாக நகரும், யாருக்கும் தீங்கு செய்யாததுபோல் தெரியும் அந்தப் பிராணியின் ஒரு வேளைச் சாப்பாடு அது.

ஆக, அங்கே பிறந்த குழந்தை புத்தகத்தில் நேசித்த முயலும் முள்ளெலியும் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் காட்டுக்கு எமன்கள். வீட்டுக்குப் பின்னால் உண்மையில் வாழும் கிவி, டூயி, வெக்கா ஆகிய பறவைகளுக்குக் கதையே இல்லை. ஏடித் ஹௌஸ் போன்ற ஆசிரியர்கள் 1910இலேயே இயற்கைப் பாடத்தைக் கதையாக்கத் தொடங்கியிருந்தார்கள் என்பது உண்மை. அந்த மண்ணின் பூர்வகுடிகளான மவோரி மக்களிடமோ காட்டுக்கும் பறவைகளுக்கும் தந்தையான டானேயைச் சுற்றி எத்தனையோ கதைகள் வழிவழியாக இருந்தன. ஆனால் காலையில் நாளிதழைப் பிரிக்கும் நகரத்துக் குழந்தையின் கண்ணில் படும்படி உள்நாட்டுக் காட்டைப் படத்தோடு கொண்டுவந்து வைத்ததில் ஏக்கர்ஸின் பங்கு பெரியது.

அவர் முற்றிலும் புதிய வழியை வெட்டினார் என்று சொல்ல முடியாது. ஆஸ்திரேலியாவில் மே கிப்ஸ் 1918லேயே யூகலிப்டஸ் காய்களைத் தொப்பியாகப் போட்ட குழந்தைகளை வரைந்து புகழ்பெற்றிருந்தார். ஹுட்டுவும் காவாவும் அவர்களின் ஒன்றுவிட்ட தம்பி தங்கைகள்போலத்தான் இருக்கிறார்கள். இன்று பார்த்தால் அந்தக் கொழுகொழு முகங்கள் கொஞ்சம் பழைய பாணி. மதிப்பு அவர்களைச் சுற்றியிருப்பவற்றில் இருக்கிறது. அந்தப் பிள்ளைகளின் பின்னால் போகிற குழந்தை தன் நாட்டு மரத்தையும் பறவையையும் பேர் சொல்லித் தெரிந்துகொள்கிறது. ஏக்கர்ஸ் இயற்கைப் பாதுகாப்பிலும் ஈடுபட்டவர்.

டுவாட்டராவையே எடுத்துக்கொள்ளலாம். பார்த்தால் ஓணானின் பெரியப்பா மாதிரி இருக்கும். ஆனால் அது பல்லி இனமே இல்லை. டைனோசர்கள் காலத்தில் பரவியிருந்த ஓர் ஊர்வன வரிசையில் இன்று உயிரோடு மிஞ்சியிருக்கும் ஒரே இனம். உச்சந்தலையில் மூன்றாவது கண் ஒன்று, தோலால் மூடியபடி. நூறு வயதைத் தாண்டி வாழும். தெற்கே இன்வர்கார்கில் நகரத்து அருங்காட்சியகத்தில் ஹென்றி என்ற டுவாட்டரா 111 வயது வாக்கில், 2009இல், 11 குட்டிகளுக்கு அப்பாவானது. இப்படி ஒரு பிராணி சொந்த நாட்டில் இருக்கும்போது குழந்தைக்குக் கதை சொல்ல வெளிநாட்டு முயல் எதற்கு?

முயல் பற்றிய இந்தக் குழப்பம் ஆக்லாந்தின் தென்பகுதியில் இருக்கும் ஒடாஹுஹுவில் இன்றும் எழும். சமோவா, டோங்கா, இந்தியா என்று பல ஊர்க் குடும்பங்கள் வாழும் இடம் இது. இங்கே வளரும் தமிழ்ப் பிள்ளை வீட்டில் ஆமையும் முயலும் ஓடிய கதையைக் கேட்டுவிட்டு, பள்ளியில் முயலைத் தொல்லை விலங்கு என்று படிக்கும். "முயல் நல்லதா கெட்டதா, தாத்தா?" என்று ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தாவிடம் கேட்டால், அவர் சொல்ல வேண்டிய பதில் ஊருக்கு ஊர் மாறும். தமிழ்நாட்டு முயல் நம் காட்டின் பிள்ளை. இங்கே அது வந்தேறி.

அந்தத் தாத்தாவின் ஊரிலும், எந்த உயிருக்குக் கதை இருக்கிறது என்ற கேள்விக்கு இன்னொரு முகம் உண்டு. நம் நீதிக்கதைகளில் சிங்கமும் நரியும் நிறைய. அவை மனிதர்களுக்கு முகமூடி போட்டவை. திண்டுக்கல், கரூர் மாவட்டக் காடுகளில் இரவில் உருண்டைக் கண்களோடு கிளை மாறும் தேவாங்குக்குக் குழந்தைகளிடம் எத்தனை கதைகள் இருக்கின்றன? அதற்காக 2022இல் கடவூரில் இந்தியாவின் முதல் தேவாங்கு சரணாலயம் வந்தது, 11,806 ஹெக்டேரில். ஏக்கர்ஸின் பாத்திரங்கள் நாளிதழில் உலவிய அதே 1950களில் சென்னையில் மா. கிருஷ்ணன் ஸ்டேட்ஸ்மன் இதழில் இயற்கைப் பத்தி எழுதிக்கொண்டிருந்தார். 1950இல் தொடங்கி 1996இல் கண்மூடும்வரை விடாமல் எழுதினார். படங்களும் அவரே வரைந்தவை. தமிழிலும் வேடந்தாங்கல் பற்றியும் பறவைகள் பற்றியும் எழுதினார். ஆனால் அவர் எழுதியது பெரியவர்களுக்கு. அவர் பார்த்த உயிர்களைப் பாவாடை கட்டிய பாத்திரத்தோடு குழந்தையிடம் கூட்டிச்செல்ல ஒருவர் வந்திருந்தால், இன்று வளர்ந்த தமிழர் பலருக்குத் தேவாங்கைச் சிறு வயதிலிருந்தே தெரிந்திருக்கும்.

ஏக்கர்ஸின் மூன்றாவது புத்தகத்துக்கு வருவோம். தீவைக் கண்டுபிடிப்பது அன்று கதை. அதன் பிறகு நாடே அந்த வழியில் போனது. எலியோ ஸ்டோட்டோ போசம் என்ற பாலூட்டியோ இல்லாத தீவுகளில்தான் இந்த உயிர்களைக் காப்பாற்ற முடிந்தது. ஆக்லாந்துக்கு வடக்கே டிரிட்டிரி மட்டாங்கி என்ற தீவு, நூறு ஆண்டுகளுக்கு மேல் மேய்ச்சல் நிலமாகக் கிடந்து மொட்டையாகியிருந்தது. 1984 முதல் 1994 வரை தொண்டர்கள், பள்ளிப் பிள்ளைகள் உட்பட, இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட கன்றுகளை நட்டார்கள்; அவற்றில் பொஹுட்டுக்காவாவுக்கு முக்கிய இடம். எலியை 1993இல் ஒழித்தார்கள். அழிந்தே போனதாக நினைத்து 1948இல் மீண்டும் கண்டெடுத்த டாகஹே பறவை இன்று அங்கே புல் மேய்கிறது. 2003இல் டுவாட்டராவும் வந்தது.

அந்தத் தீவுக்கு நகர மையத்திலிருந்து படகில் ஒன்றேகால் மணி நேரம். ஏறுவதற்கு முன் ஒரு சடங்கு உண்டு. பையைத் திறந்து உள்ளே எலியோ எறும்போ விதையோ ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சாப்பாடு இறுக மூடும் டப்பாவில் இருக்க வேண்டும், புளியோதரையானாலும் சரிதான். பிறகு பிள்ளைகள் வரிசையில் நின்று, ஒரு காலைத் தூக்கி, செருப்பின் அடியில் ஒட்டிய மண்ணைத் தூரிகையால் தேய்த்துவிட்டு, அடுத்த காலைத் தூக்குகிறார்கள்.