சிவக்கும் தண்ணீரும் துருவேறும் மண்வெட்டியும்

புதிதாக அடித்த குழாய்க்கிணற்றில் தண்ணீர் தெளிவாகத்தான் வருகிறது. வாளியில் சற்று நேரம் வைத்துப் பார்த்தால் மஞ்சள் படர்கிறது. விடிந்ததும் அடியில் செந்நிற வண்டல். அந்த நீரில் தேநீர் போட்டால் கறுத்துவிடுகிறது. பிள்ளைகளின் வெள்ளைச் சட்டையும் பழுப்பேறுகிறது. நஞ்சு கலந்த நீர் என்று அஞ்சி, கிணற்றை விட்டுக் குளத்து நீரைக் குடிக்கப் போவோரும் உண்டு. அந்த அச்சம்தான் ஆபத்தானது. வண்டலாகப் படிவது இரும்பு. மழையில் கிடந்த மண்வெட்டியிலும் அலவாங்கிலும் ஏறும் துருவும் அதற்கு நெருங்கிய உறவு.

பாடசாலையில் பிள்ளைகள் ஒட்சியேற்றம், தாழ்த்தல் என்று இரண்டு சொற்களைப் படிக்கிறார்கள். ஒரு பொருள் இலத்திரனை இழந்தால் அது ஒட்சியேற்றம்; பெற்றால் தாழ்த்தல். கொடுப்பவர் இல்லாமல் வாங்குபவர் இல்லை. ஆகவே இவ்விரண்டும் எப்போதும் சேர்ந்தே நடக்கும். மண்வெட்டியின் இரும்பு கொடுக்கிறது, காற்றிலுள்ள ஒட்சிசன் வாங்குகிறது, ஈரம் இடையில் நின்று உதவுகிறது, மிஞ்சுவது துரு. உப்புக்காற்று வீசும் கரையோரத்தில் இது இன்னும் விரைவாக நடக்கும். ஆயுதத்தைக் கழுவித் துடைத்து எண்ணெய் பூசி வைக்கும் நம் பெரியவர்களின் வழக்கம், ஈரத்தையும் ஒட்சிசனையும் இரும்பை அண்டவிடாத வழியே.

நாகமுலாம் பூசிய வாளி கீறுப்பட்டாலும் உடனே துருப்பிடிப்பதில்லை. இரும்பைவிட நாகம் இலத்திரனைக் கொடுப்பதில் முந்திக்கொள்ளும். நாகம் கரைந்து தீரும்வரை இரும்பு தப்பும். யார் முந்திக் கொடுக்கிறார் என்ற இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். குடிநீர் விடயத்தில் அது மீண்டும் வரும்.

நிலத்தின் ஆழத்தில் நடப்பது இதற்கு நேர்மாறு. அங்கே ஒட்சிசன் மிகக் குறைவு. இலைகுழைகளின் எச்சத்தைத் தின்று வாழும் நுண்ணுயிர்கள் தமது இலத்திரனைக் கொடுக்க ஒட்சிசன் கிடையாமல், மண்ணிலுள்ள துரு போன்ற இரும்பிடம் கொடுக்கின்றன. தாழ்த்தப்பட்ட அந்த இரும்பு நீரில் கரையும்; கண்ணுக்குத் தெரியாது. பம்பியால் மேலே வந்து காற்றுப் பட்டதும் வாங்கியதை ஒட்சிசனிடம் கொடுத்துவிட்டு, கரையாத செந்தூளாகிப் படிகிறது. நீர் நிற்கும் வயலிலும் இதே கதைதான். வாய்க்காலில் எண்ணெய்போல் மினுங்கும் படலத்தைக் குச்சியால் தொட்டுப் பாருங்கள். துண்டு துண்டாக உடைந்தால் அது பெரும்பாலும் இரும்புப் படலம். எண்ணெயானால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். நெல்லின் வேர் தானே ஒட்சிசனைக் கசியவிடுவதால் அதன்மேலும் செம்மை படிகிறது.

சிவப்பு எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் அறிய வேண்டும். காலையில் முதல் சில வாளிகள் மட்டும் சிவந்து, பிறகு தெளிந்து, வைத்தாலும் தெளிவாகவே இருந்தால் பம்பியின் குழாய்தான் துருப்பிடிக்கிறது. எப்போது அடித்தாலும் தெளிவாக வந்து பிறகு சிவந்தால் இரும்பு நிலத்தடி நீரிலேயே இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் குடிநீரிலுள்ள இரும்புக்கு உடல்நலத்தை வைத்து எல்லை எதுவும் வகுக்கவில்லை. இலீற்றருக்கு 0.3 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் துணியில் கறை பிடிக்கும், அவ்வளவே. இரும்புக்காக மட்டும் கிணற்றைக் கைவிட வேண்டியதில்லை. வேறு மாசுகள் உண்டா என்பது தனியாகப் பரிசோதிக்க வேண்டிய விடயம்.

உண்மையான தொல்லை வெளிற்றும் தூள் போடும்போது வருகிறது. குளோரீன் கிருமியைக் கொல்வதும் இலத்திரனைப் பறித்துத்தான். ஆனால் கரைந்த இரும்பு கிருமியை முந்திக்கொண்டு கொடுத்துவிடும். 1 மில்லிகிராம் இரும்பு ஏறக்குறைய 0.6 மில்லிகிராம் குளோரீனைத் தின்னும். இலீற்றருக்கு 3 மில்லிகிராம் இரும்புள்ள நீரில் 2 மில்லிகிராம் அளவு குளோரீன் அதிலேயே போய்விடும். தூள் போட்டாயிற்று என்று நம்பிக் குடிக்கிறோம், கிருமியோ உயிரோடிருக்கிறது. வயிற்றோட்டம் பரவும் காலத்தில் இந்த நம்பிக்கை குழந்தைகளின் உயிரோடு விளையாடுவதாகும்.

ஆகவே இரும்பை முதலில் எடுத்துவிட வேண்டும். அடியில் துளைகளிட்ட தகரத்தினூடாக நீரைச் சற்று உயரத்திலிருந்து பீப்பாவுக்குள் மழைபோல் விழவிடுங்கள்; காற்று நன்றாகக் கலக்கும். மூடி, ஓர் இரவு வையுங்கள். புளிப்புத்தன்மையுள்ள நீரில் இரும்பு மெதுவாகவே படியும், பொறுமை வேண்டும். தெளிந்த மேல்நீரைக் கழுவிய மணலும் அடியில் சரளைக்கல்லும் இட்ட இன்னொரு பீப்பாவினூடாக வடியுங்கள். நீர் இறங்குவது மந்தமானால் மணலின் மேற்படையைச் சுரண்டிக் கழுவிப் போட்டால் போதும். வடித்த நீர் தெளிவாக இருந்தாலும் கிருமி நீங்கியதாகாது.

வெளிற்றும் தூள் அதன் பிறகே. திறந்து கிடந்த பழைய தூளில் குளோரீன் பெருமளவு பறந்திருக்கும். இறுக மூடிய, புதிய தூளையே கேட்டு வாங்குங்கள். போட்டு அரை மணி நேரத்தின் பின் இலீற்றருக்கு 0.5 மில்லிகிராமாவது குளோரீன் மிஞ்சியிருக்க வேண்டும். அதை அளக்கும் சிறு கருவி பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் இருந்தால், உங்கள் பீப்பாவிலும் அளந்து காட்டச் சொல்லுங்கள். தூள் கிடைக்காத நாளில் வடித்த நீரை நன்றாகக் கொதிக்கவைத்து ஆறவிட்டுக் குடியுங்கள்.